லவாலில் இன்னும் ஓடும் பழைய மெனுக்கள்

1990களின் தொடக்கத்தில் கனடாவின் லவால் நகரத் தொழிற்பேட்டைகளில் ஒரு மொத்த வியாபாரக் கிடங்குக்குள் போனால், கணக்குப் பார்ப்பவரின் மேசையில் பெரும்பாலும் இப்படியொரு திரை இருக்கும். கறுப்புப் பின்னணி. இரட்டைக் கோட்டால் கட்டிய பெட்டி. அதற்குள் 1 விற்பனை, 2 கொள்முதல், 3 இருப்பு, 4 அறிக்கை, 0 வெளியேறு என்று ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஐந்து வரிகள். எண்ணைத் தட்டினால் வேலை தொடங்கும். அந்தக் கிடங்குகள் சிலவற்றில் அன்றைய கணக்குத்தான் இன்றைக்கும் விண்டோஸ் 11 கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. திரை மாறிவிட்டது, திரையின் மொழி மாறிவிட்டது, எழுதியவர்கள் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஏதாவது பழுதானால் அது முதலில் கண்ணில் படும் இடம் மட்டும் மாறவில்லை. அது மெனு.

அந்த மெனுக்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. இந்த வேலையைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் இதைச் செய்த தமிழர்கள் நிறையப் பேர். கொழும்பில் டீபேஸ் என்ற தரவுத்தள மொழியைப் படித்துவிட்டு வந்தவர்கள், 1990களில் தமிழ்நாட்டின் கணினி மையங்களில் அதன் வழிவந்த பொக்ஸ்புரோவைப் படித்து வெளிநாடு போனவர்கள் என்று எத்தனையோ பேருக்கு முதல் சம்பளம் தந்த வேலை இதுதான்.

மொன்றியலுக்கு அகதிகளாய் வந்த எங்கள் ஆட்களில் பலர் கோட்-டே-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிகளில்தான் வாடகைக்கு இருந்தார்கள். லவாலில் வேலை கிடைத்தவர்கள் மெட்ரோவில் ஆன்றி-புராசா நிலையம்வரை போய், பஸ் பிடித்து, ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. லவால் என்பது மொன்றியலுக்கு வடக்கே ஜேசு தீவு முழுவதும் பரந்த நகரம். 1965இல் அந்தத் தீவின் 14 ஊராட்சிகளை இணைத்து உண்டாக்கினார்கள். நெடுஞ்சாலை ஓரங்களில் கிடங்குகளும் சிறு தொழிற்சாலைகளும் பெருகியிருந்தன. பெரிய கணினி வாங்க வசதியில்லாத இந்த நிறுவனங்களுக்கு ஒரு மேசைக் கணினியும், நிரல் எழுதத் தெரிந்த ஒரு பையனும் போதுமாயிருந்தது.

அந்தக் காலத்து மெனு நிரலை ஒரே மூச்சில் படித்துவிடலாம். முடிவில்லாத ஒரு சுற்று. சுற்றுக்குள் திரையைத் துடைத்து ஐந்து வரிகளை எழுதும் கட்டளைகள். பிறகு ஓர் எண்ணைக் கேட்டு வாங்குதல். பிறகு டூ கேஸ் என்று தொடங்கும் கிளைப் பகுதி. எண் 1 என்றால் விற்பனை நிரலை அழை, 2 என்றால் கொள்முதலை அழை. முடிந்ததும் சுற்று மறுபடி மேலே போகும். பழுது இருந்தால் அந்த ஒரு பக்கத்துக்குள் இருக்கும். அச்சடித்து எடுத்து, பேனாவால் கோடு போட்டுக்கொண்டே கண்டுபிடிக்கலாம்.

அப்படியிருந்தும் ஆளை அலைக்கழித்த பழுது ஒன்று அந்தக் காலத்தில் உண்டு. காலையில் நன்றாக ஓடும் கணக்கு மத்தியானத்துக்கு மேல் திடீரென்று நின்றுவிடும். கணினியை அணைத்துப் போட்டால் சரி. மறுநாள் மத்தியானம் மறுபடி அதே கதை. வெப்பமாயிருக்கலாம், மின்சாரமாயிருக்கலாம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் நிரலுக்குள் இருந்தது. விற்பனைத் திரையிலிருந்து தலைப்பு மெனுவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில், எழுதியவர் 'திரும்பு' என்று போடாமல் 'மெனுவை அழை' என்று போட்டிருப்பார். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கோ ஒவ்வொரு அழைப்பும் முந்தைய அழைப்பின் மேல் ஏறும் புதிய அடுக்கு. பொக்ஸ்புரோவின் பழைய பதிப்புகள் 32 அடுக்குவரைதான் தாங்கும். பின்னால் வந்த விஷுவல் பொக்ஸ்புரோவில் அது 128 ஆனது. மெனுவுக்கும் விற்பனைக்கும் நடுவே மத்தியானம்வரை போய்வந்து, எல்லை தொட்டதும் நின்றுவிடும். எல்லை கூடியபோது பழுது தீரவில்லை, மத்தியானம் வந்தது சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான். இன்றைக்கும் யாராவது என்னிடம் 'காலையில் ஓடுது, பின்னேரம் நிக்குது' என்று சொன்னால் நான் முதலில் தேடுவது, திரும்ப வேண்டிய இடத்தில் அழைக்கும் வரியைத்தான்.

இனி, இந்தச் சூழல் எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த வேய்ன் ராட்லிஃப் எழுதிய தரவுத்தள மொழி, ஆஷ்டன்-டேட் நிறுவனத்தின் கையில் டீபேஸ் ஆனது. ஒஹாயோ மாநிலத்தின் பெரிஸ்பர்க் என்ற சிற்றூரில் டேவ் ஃபுல்ட்டன் நடத்திய பொக்ஸ் சொப்ட்வெயர், அதே மொழியைப் பல மடங்கு வேகமாக ஓட்டும் பொக்ஸ்பேஸைக் கொண்டுவந்தது. 1989இல் பொக்ஸ்புரோ, 1991இல் பொக்ஸ்புரோ 2.0, 1992இல் நிறுவனமே மைக்ரோசொப்ட் வசம், 1995இல் விஷுவல் பொக்ஸ்புரோ 3. கடைசிப் பதிப்பான 9 வெளியானது 2004இன் கடைசியில்.

மெனுவைப் பொறுத்தவரை திருப்புமுனை பொக்ஸ்புரோ 2.0. அதிலிருந்து மெனுவைக் கையால் எழுத வேண்டியதில்லை. மெனு வடிவமைப்பான் என்ற திரையில் தலைப்புகளையும் அவற்றின் கீழ் வரும் வரிகளையும் நிரப்பினால் போதும். அது எம்.என்.எக்ஸ் என்ற கோப்பிலும், நீண்ட உரைகளுக்கான எம்.என்.டி என்ற துணைக் கோப்பிலும் சேமிக்கப்படும். பிறகு ஜென்மெனு என்ற நிரல் அவற்றை வாசித்து, எம்.பி.ஆர் என்ற நிரல் கோப்பை எழுதித் தரும். அது தொகுக்கப்பட்டு எம்.பி.எக்ஸ் ஆகும். ஓடுவது இந்தக் கடைசிக் கோப்புத்தான்.

எழுதிய இடம் ஒன்று, ஓடும் இடம் வேறு என்ற பிரிவு இங்கே தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை மெனுப் பழுதுகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். வடிவமைப்பானில் ஒரு வரியைத் திருத்திவிட்டு, மறுபடி உருவாக்கச் சொல்ல மறந்துவிடுவார்கள். திரையில் பழைய மெனுவே வரும். அல்லது அவசரத்தில் ஒருவர் உருவான எம்.பி.ஆர் கோப்பிலேயே கைவைத்துத் திருத்துவார். அது சரியாக ஓடும். சில மாதம் கழித்து வேறொருவர் வடிவமைப்பானைத் திறந்து புதிதாக ஒரு வரி சேர்த்து உருவாக்கும்போது, முன்னவர் செய்த திருத்தம் சுவடில்லாமல் அழிந்துபோகும். 'இதை முன்னமே சரிசெய்தோமே, எப்படித் திரும்பி வந்தது?' என்று அலுவலகமே குழம்பும். இப்படிப்பட்ட அழைப்பு வந்தால், எந்த நிரலையும் படிக்குமுன் நான்கு கோப்புகளின் தேதியையும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எம்.பி.ஆர் கோப்பின் நேரம் எம்.என்.எக்ஸ் கோப்பின் நேரத்துக்கு முந்தியிருந்தால் உருவாக்கவில்லை என்று அர்த்தம். நாட்கணக்கில் பிந்தியிருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

அடுத்த இடைவெளி நேரத்தில். எண் மெனுவில், கேட்ட கணத்திலேயே பதில் வாங்கி அந்த இடத்திலேயே கிளை பிரியும். புதிய மெனு அப்படியல்ல. மெனு நிரல் ஓடும்போது அது எந்த வேலையையும் செய்வதில்லை. 'பின்னால் யாராவது இந்த வரியைத் தொட்டால் இன்னதைச் செய்' என்று கட்டளைகளைப் பதிந்துவைத்துவிட்டுத் தான் முடிந்துபோகும். கல்யாண வீட்டில் சமையலுக்குச் சொல்லிவிட்டுப் போன பெரியவர் பந்தி பரிமாறும் நேரத்தில் அங்கே இருக்கமாட்டார். அவர் மனதில் நினைத்துச் சொல்லாமல் விட்டதைக் கேட்க ஆளில்லை. மெனுவும் அப்படி. எழுதிய நேரத்தில் இருந்த மாறிகள், தொடும் நேரத்தில் இருக்கமாட்டா.

ஸ்கிப் ஃபோர் என்ற வசதியில் இது பளிச்சென்று தெரியும். மெனுவின் ஒரு வரியைச் சிலருக்கு மட்டும் மங்கலாக்கிவைக்க அது உதவும். பயனர் மட்டம் 3க்குக் கீழ் என்றால் இந்த வரியைத் தவிர்த்துவிடு என்று எழுதலாம். அந்த நிபந்தனை, மெனு விரியும் ஒவ்வொரு தடவையும் மதிப்பிடப்படும். மட்டத்தை வைத்திருக்கும் மாறியை மெனு நிரலுக்குள்ளேயே உள்ளூர் மாறியாக அறிவித்திருந்தால், மெனு நிரல் முடிந்ததும் அது மறைந்துவிடும். பயனர் முதல் தடவை சுட்டியை வைத்ததும் 'மாறி கிடைக்கவில்லை' என்ற பிழை வரும். பல வரிகளுக்கு அதே நிபந்தனை இருந்தால் அத்தனை தடவை வரும். தீர்வு, அந்த மட்டத்தைப் பொது மாறியாகவோ, செயலி ஓடும் வரைக்கும் வாழும் ஒரு பொருளின் பண்பாகவோ வைப்பது. இங்கே இன்னொரு குழி: ஸ்கிப் ஃபோர் எதிர்மறையான கேள்வி. 'உண்மை' என்று பதில் வந்தால் வரி மூடப்படும். 'அனுமதி உண்டா' என்று கேட்கும் செயற்கூறை அப்படியே அதில் வைத்துவிட்டால், முதலாளிக்கு எல்லாம் மங்கலாகவும், பகுதிநேரப் பையனுக்கு எல்லாம் திறந்தும் இருக்கும்.

ரீட் ஈவென்ட்ஸ் இல்லாத செயலி இதைப் போன்ற இன்னொரு பழுது. எழுதுபவரின் கணினியில் மெனு அழகாக நிற்கும், ஏனென்றால் பொக்ஸ்புரோவின் சொந்தச் சாளரம் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. செயலியாகக் கட்டி வாடிக்கையாளரிடம் கொடுத்தால், திரை ஒரு மின்னல் மின்னிவிட்டு மூடிக்கொள்ளும். நிகழ்வுகளுக்காகக் காத்திரு என்ற அந்த ஒரு கட்டளை தலைமை நிரலில் இல்லாததே காரணம். அதேபோல, மெனு வரிக்குள்ளேயே ஒரு செயல்முறையை எழுதிவைத்தால், ஜென்மெனு அதைத் தேடிப்பிடிப்பதற்கென்று ஒரு கோப்புத் தேடும் கட்டளையைச் சேர்க்கும். கோப்பின் பெயரோ நடப்புக் கோப்புறையோ மாறிய நாளில், வாடிக்கையாளர் முன் 'மெயின் எங்கே?' என்று கேட்கும் பெட்டி வந்து நிற்கலாம். கிடங்கில் இருப்பவருக்கு அது என்ன கேள்வி என்றே புரியாது. மெனுவுக்குள் ஒரு வரி அழைப்பைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள் என்று அன்றைய மூத்தவர்கள் சொன்னது இதற்காகத்தான். அதைக் கேட்டு நடந்தவர்களின் நிரல்கள் இன்றைக்கும் அதிகம் சிரமம் தருவதில்லை.

இதுவரை சொன்னவை சென்னையிலும் கொழும்பிலும் நடக்கக்கூடியவை. லவாலுக்கு என்று தனியாய் வந்த பழுதுகள் மொழியால் வந்தவை.

கியூபெக்கின் பிரெஞ்சு மொழிச் சாசனம் 1977இல் நிறைவேறியது. வேலையாட்கள் பிரெஞ்சில் வேலை செய்யும் உரிமையை அது தருகிறது. அப்போது 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த நிறுவனங்கள் பிரெஞ்சுமயத் திட்டத்துக்குள் வர வேண்டியிருந்தது; அந்தத் திட்டம் கணினியையும் உள்ளடக்கும். சிறு நிறுவனங்கள் அதற்கு வெளியே இருந்தாலும், வளர வளரத் தங்கள் திரைகளைப் பிரெஞ்சுக்கு மாற்றத் தொடங்கின. மாற்றச் சொல்லி எங்களிடம் வந்தபோது எல்லோரும் நினைத்தது ஒன்றே: மெனுவில் உள்ள சொற்களை மாற்றினால் வேலை முடிந்தது.

லவாலில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்குப் பார்த்த தமிழ் அக்கா ஒருவர் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். 'தம்பி, நிலுவை லிஸ்ட்டை அமத்தினால் புது பில் எழுதுற பக்கம் வருகுது. போன கிழமை முழுக்க ஒண்டும் திறக்கேல்லை. இப்ப திறக்குது, ஆனால் பிழையாத் திறக்குது' என்றார். அவர் சொன்ன வரிசையிலேயே பழுதின் வரலாறு முழுவதும் இருந்தது.

அந்த மெனுவை முதலில் ஆங்கிலத்தில் எழுதியவர், எந்த வரி தொடப்பட்டது என்பதை அதன் எண்ணால் அறியாமல் அதன் எழுத்தால் அறியும்படி எழுதியிருந்தார். பொக்ஸ்புரோவில் இரண்டுக்கும் வழி உண்டு. பார் என்ற செயற்கூறு வரியின் எண்ணைத் தரும். புரொம்ப்ட் என்ற செயற்கூறு அதில் தெரியும் உரையைத் தரும். உரை 'இன்வாய்ஸ்' என்றால் இதைச் செய், 'ஓவர்டியூ இன்வாய்சஸ்' என்றால் அதைச் செய் என்று கிளைகள் இருந்தன. மெனுவின் சொற்களைப் பிரெஞ்சுக்கு மாற்றியவர் கிளைகளைத் தொடவில்லை. ஒரு கிளையும் பொருந்தவில்லை. எதுவும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்றும் எழுதப்படவில்லை. எனவே பிழைச் செய்தியே இல்லாமல் மெனு ஊமையானது. அக்கா சொன்ன முதல் கிழமை அதுதான்.

அடுத்து யாரோ வந்து கிளைகளிலும் பிரெஞ்சுச் சொற்களை வைத்தார். மெனு பேசத் தொடங்கியது, ஆனால் தவறாக. பொக்ஸ்புரோவில் இரண்டு உரைகளைச் சமக்குறியால் ஒப்பிடும்போது, செட் எக்ஸாக்ட் என்ற அமைப்பு அணைந்திருந்தால், வலப்பக்க உரை முடியும்வரைதான் ஒப்பீடு நடக்கும். அது அணைந்திருப்பதே வழக்கம். ஆங்கிலத்தில் 'ஓவர்டியூ இன்வாய்சஸ்' என்பது 'இன்வாய்ஸ்' என்று தொடங்கவில்லை, மோதல் இல்லை. பிரெஞ்சில் பெயர்ச்சொல் முன்னால் வரும். 'ஃபக்தூர் ஆன் ரெத்தார்' என்பது 'ஃபக்தூர்' என்றே தொடங்குகிறது. கணினிக்கு இரண்டும் சமம். மேலே இருக்கும் கிளை முதலில் பொருந்திவிடும். நிலுவைப் பட்டியலைத் தொட்டவருக்குப் புது பில் பக்கம் திறந்தது அப்படித்தான். நிரலில் எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை. ஒரு மொழியில் சரியாயிருந்த ஒழுங்கு இன்னொரு மொழியில் சரியாயில்லை.

இதை இரட்டைச் சமக்குறி போட்டு ஒரு நிமிடத்தில் மறைத்துவிடலாம். அது தீர்வல்ல. காட்டும் உரையை வைத்து நிரல் முடிவெடுக்கக் கூடாது என்பதே தீர்வு. ஒவ்வொரு வரிக்கும் அதன் சொந்தக் கட்டளை, அல்லது மாறாத ஒரு பெயர். திரையில் எந்த மொழி வேண்டுமானாலும் இருக்கட்டும்.

எழுத்துகளின் தொல்லை தனி. பிரெஞ்சில் தலையில் சாய்கோடு ஏறிய சிறிய 'ஈ' எழுத்துக்கு டொஸ் காலக் குறிமுறைகளில் எண் 130. விண்டோஸில் அதே எழுத்துக்கு எண் 233. விண்டோஸின் 130ஆம் இடத்தில் இருப்பதோ காற்புள்ளிபோலத் தோன்றும் ஒரு மேற்கோள் குறி. டொஸ் காலத்து மெனுக் கோப்பை விண்டோஸுக்கு எடுத்துவந்தபோது சொற்களுக்குள்ளே காற்புள்ளிகள் முளைத்தது இதனால். எதிர்த்திசையிலும் நடக்கும்: விண்டோஸில் சாய்கோடு ஏறிய பெரிய 'ஈ' எழுத்தின் எண் 201, டொஸ் திரையில் இரட்டைக் கோட்டுப் பெட்டியின் இடது மேல் மூலை. பழைய எண் மெனுக்களின் பெட்டியை வரைந்த அதே மூலைக்கோடு, ஒரு பிரெஞ்சுச் சொல்லின் தலையில் வந்து உட்காரும்.

பொக்ஸ்புரோ இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. ஒவ்வொரு தரவுக் கோப்பின் தலைப்பகுதியிலும் ஒரு பைட்டில் அது எந்தக் குறிமுறையில் எழுதப்பட்டது என்ற அடையாளம் இருக்கும். அது சரியாயிருந்தால் மொழிபெயர்ப்புத் தானாக நடக்கும். தவறாயிருந்தால் தவறாக நடக்கும், அதைச் சேமித்தால் தவறு நிரந்தரமாகும். மெனுக் கோப்பான எம்.என்.எக்ஸும் உண்மையில் ஒரு தரவுக் கோப்புத்தான் என்பதால் அதற்கும் இந்த அடையாளம் உண்டு. பொக்ஸ்புரோவோடு வந்த சிபி-ஜீரோ என்ற சிறு நிரலால் அடையாளத்தைத் திருத்தலாம். ஆனால் முதலில் கோப்பின் நகல் ஒன்றை எடுத்துவைத்துவிட்டே திருத்த வேண்டும்.

குறுக்கு விசைகளிலும் மோதல். பிரெஞ்சு மெனுவில் ஃபிஷியே (கோப்பு), ஃபோர்மா (வடிவமைப்பு), ஃபெனேத்ர் (சாளரம்) மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்குபவை. அஃபிஷாஜும் (காட்சி) எத்-உம் (உதவி) இன்னோர் எழுத்தில். பழைய பிரெஞ்சு விண்டோஸ் செயலிகளில் உதவி மெனுவுக்கு வெறும் கேள்விக்குறி போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாங்களும் அதையே கடைப்பிடித்தோம்.

இந்த மொழிச் சிக்கலைச் சரியாகக் கையாண்டவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவின் கிங்ஸ்டனைச் சேர்ந்த ஸ்டீவன் பிளாக் எழுதிய இன்ட்ல் என்ற கருவித்தொகுதி, திரையில் தெரியும் எல்லா உரைகளையும் ஒரு தரவு அட்டவணைக்குள் கொண்டுபோனது. மூல உரை ஒரு பத்தி, பிரெஞ்சு ஒரு பத்தி, வேண்டிய மொழி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பத்தி. இன்னொரு கனடியரான அன்ட்ரூ ராஸ் மக்நீல் எழுதிய ஜென்மெனு-எக்ஸ், மெனு உருவாகும் கட்டத்திலேயே தலையிட்டு அதை மாற்றியமைக்க வழி தந்தது. இவற்றைப் பயன்படுத்திய நிறுவனங்களில் மொழி மாற்றம் ஓர் அட்டவணையை நிரப்பும் வேலையானது. பயன்படுத்தாத இடங்களில்தான் எங்களுக்கு இன்றைக்கும் அழைப்பு வருகிறது.

2007 மார்ச்சில் மைக்ரோசொப்ட், பொக்ஸ்புரோவின் அடுத்த பதிப்பு வராது என்று அறிவித்தது. அடுத்த மாதம், ஏப்ரல் 28ஆம் தேதி, மெட்ரோ லவாலுக்கு வந்தது. கார்த்தியே, டி லா கொன்கோர்ட், மொன்மொரன்சி என்று மூன்று நிலையங்கள். ஆன்றி-புராசாவில் பஸ்ஸுக்கு நின்ற காலம் முடிந்தது. வாடகை வீட்டிலிருந்தவர்களில் பலர் பின்னால் லவாலிலேயே சொந்த வீடு வாங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் படித்து, நாங்கள் தடுமாறிய மொழியை வீட்டு மொழிபோலப் பேசுகிறார்கள். பொக்ஸ்புரோவுக்கான ஆதரவு 2015 ஜனவரியில் முற்றாக நின்றது.

நின்றும் செயலிகள் நிற்கவில்லை. விஷுவல் பொக்ஸ்புரோ 9 ஒரு 32 பிட் நிரல் என்பதால் இன்றைய விண்டோஸில் ஓடும். டொஸ் காலத்து பொக்ஸ்புரோ 2.6 மட்டும் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. அதற்குப் போலிச் சூழல் தரும் நிரல் வேண்டும். வியாபாரம் நடக்கிறது, பில் அச்சாகிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்பது முதலாளிகளின் கேள்வி. அதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். இருபது வருடத்து விலை விதிகளும் தள்ளுபடி முறைகளும் அந்த நிரலுக்குள் இருக்கின்றன. அவற்றை வேறெங்கும் யாரும் எழுதிவைக்கவில்லை.

புதிதாக மாறியவர்களின் மெனுவையும் நான் பழுது பார்க்கிறேன். அது உலாவியில் ஓடும் மெனு. அதன் வரிகள் எங்கோ ஒரு சேவையகத்தில் பயனரின் உரிமைக்கு ஏற்பத் தயாராகி, வலையில் வந்து, உலாவிக்குள் இருக்கும் நிரலால் வரையப்படுகின்றன. உலாவி பழைய நிரலைச் சேமித்துவைத்திருந்தால், உருவாக்க மறந்த எம்.பி.ஆர் போலவே பழைய மெனு வரும். உரிமைச் சரிபார்ப்புத் தலைகீழாயிருந்தால், ஸ்கிப் ஃபோர் போலவே முதலாளிக்கு மூடும். காட்டும் உரையை வைத்து முடிவெடுக்கும் நிரலை இன்றைய பையன்களும் எழுதுகிறார்கள். ஆக, பழுதுகள் புதியவை அல்ல. எழுதும் இடத்துக்கும் ஓடும் இடத்துக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு கோப்பிலிருந்து பல கணினிகளுக்கு நீண்டுவிட்டது.

இன்றைய நிலை எல்லா வகையிலும் மோசம் என்று சொன்னால் அது அநியாயம். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது இப்போது பதிவாகிறது. எங்கள் காலத்தில் அது இருந்திருந்தால் அந்த அக்காவின் இரண்டு கிழமை வீணாகியிருக்காது. பொக்ஸ்புரோவுக்கே இன்று அந்த வசதி கிடைத்திருக்கிறது. விஎஃப்பிஎக்ஸ் என்ற பெயரில் உலகெங்குமுள்ள நிரலர்கள் இலவசக் கருவிகளைப் பராமரித்துவருகிறார்கள். ஃபெர்னாண்டோ பொஸ்ஸோ எழுதிய பொக்ஸ்பின்-2-பிஆர்ஜி, எம்.என்.எக்ஸ் கோப்பை வெறும் உரையாக மாற்றித் தரும். அந்த உரையை, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற சேமிப்பில் வைத்தால், முந்தைய மெனுவுக்கும் இன்றைய மெனுவுக்கும் உள்ள வித்தியாசம் வரி வரியாகத் தெரியும்.

ஆனால் பழையதில் ஒரு நன்மையை இன்றைய மெனுக்களில் நான் காணவில்லை. எம்.என்.எக்ஸ் ஒரு சாதாரண அட்டவணை என்பதால், அதைத் தரவுக் கோப்புப் போலவே திறந்து கேள்வி கேட்கலாம். ஸ்கிப் ஃபோர் நிபந்தனை உள்ள வரிகள் எவை? ஒரே குறுக்கு விசை இரண்டு இடத்தில் உண்டா? இல்லாத நிரலை அழைக்கும் கட்டளை எது? முழு மெனுவும் ஒரு பட்டியலாகக் கண்முன் விரியும். புதிதாகக் கிடைத்த எந்தப் பழைய செயலியையும் நான் இப்படித்தான் படிக்கத் தொடங்குவேன். மெனு அட்டவணையைப் படித்தால் அந்த வியாபாரம் என்ன செய்கிறது, எவரை நம்புகிறது, எதை மறைக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

பெரும் இழப்பு ஆட்களில். அன்று எழுதியவர் தொலைபேசிக்கு எட்டிய தூரத்தில் இருந்தார். இன்று பல கிடங்குகளில் இருப்பது தொகுத்த செயலி மட்டுமே. மூலக் கோப்புகள் எழுதியவரின் பழைய கணினியோடு குப்பைக்குப் போய்விட்டன. ஓடும் செயலியைப் பிரித்து நிரலை மீட்கும் கருவிகள் உண்டு, ஆனால் மீண்டுவரும் நிரலில் எழுதியவரின் குறிப்புகள் இருக்கமாட்டா. ஏன் இந்த நிபந்தனை, யாருக்காக இந்த வரி என்று கேட்க ஆளில்லை.

இதற்கிடையில் சட்டமும் நெருங்கி வந்துவிட்டது. 2022 ஜூன் 1ஆம் தேதி ஒப்புதல் பெற்ற திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களும் பிரெஞ்சு மொழி அலுவலகத்தில் பதிய வேண்டும். முன்பு 50 என்ற எல்லைக்குக் கீழே இருந்து ஆங்கில மெனுவோடு ஓட்டிய கிடங்குகளில் பல இதற்குள் வரும். மூலக் கோப்பு உள்ளவர்களுக்கு இது சில கிழமை வேலை. இல்லாதவர்களுக்கு முழுச் செயலியையும் மாற்றும் செலவு.

ஆகவே லவாலிலும் மொன்றியலிலும் தொழில் நடத்தும் நம்மவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கணக்கு பொக்ஸ்புரோவில் ஓடுகிறது என்றால், செயலி இருக்கும் கோப்புறையை மட்டும் நகலெடுத்து நிம்மதியாக இருக்காதீர்கள். எம்.என்.எக்ஸ், எம்.என்.டி, திட்டக் கோப்பான பி.ஜே.எக்ஸ், பி.ஜே.டி ஆகியவை உங்களிடம் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதியவரை இந்தக் கிழமையே தேடிப்பிடியுங்கள். நிரல் எழுதிய அண்ணன்மாரே, அக்காமாரே, உங்கள் வீட்டு நிலவறையில் பழைய கணினியோ நெகிழ்வட்டோ கிடந்தால் எறியாதீர்கள். அவற்றைத் திறந்து, மூலக் கோப்புகளை உரிய நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். ஒரு தாளில் உங்கள் மெனுவின் ஒவ்வொரு வரியும் எந்த நிரலை அழைக்கிறது, ஏன் என்று எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள்.